தம்பியிடம் அம்மா பேசாத கோடை

பித்தளைக் குண்டானின் விளிம்பில் கரண்டிக் காம்பால் தட்டினால் ஓர் ஓசை வரும். 'டங்' என்று கிளம்பி, நீளாமல், சட்டென்று அடங்கிவிடும். ஒரு கோடைக்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் என் தம்பியைச் சாப்பிடக் கூப்பிட்டது அந்த ஓசைதான். அம்மா அடுப்படியில் நின்று தட்டுவாள், வாசலில் பம்பரத்தோடு குந்தியிருக்கும் தம்பி எழுந்து வந்து தட்டின் முன் உட்காருவான், அவள் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றிவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கவில்லை, அவன்மேல் கோபமும் இல்லை. அவனுக்குப் பிரெஞ்சு வரவேண்டும் என்பதற்காக அவள் அவனோடு பேசாமல் இருந்தாள்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. வில்லியனூரில் ஒரு மாடி அறையில் சாயங்கால வேளைகளில் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக் கொடுத்துப் பிழைப்பவள் நான். தமிழ் எடுத்தால் மார்க் வராது, பிரெஞ்சு எடுத்தால் அள்ளிக்கொண்டு வரும் என்று யாரோ கிளப்பிவிட்டதை நம்பி, கரும்பு வெட்டுகிறவர்கள் முதல் மெடிக்கல் காலேஜில் வேலை பார்க்கிறவர்கள் வரை பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். விட்டுவிட்டுப் படிக்கட்டில் நின்று ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "வூட்டுல நாங்க இன்னா பண்ணணும் மிஸ்?" பாட்டு போட்டுக் காட்டுங்கள், படம் பார்க்க விடுங்கள், சாமான்களின் பெயரைச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள், தப்பாகச் சொன்னால் சிரிக்காதீர்கள் என்று நானும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துவிட்டு உள்ளே போய்விடுவேன். சொல்லிச் சொல்லி அலுத்துப்போன வார்த்தைகள். ஆனால் போன வாரம் ஒரு பெண், நல்ல செய்தி சொல்கிற பூரிப்போடு, "தமிழ்ல பேசறத வூட்டுல சுத்தமா நிறுத்திட்டோம் மிஸ்" என்றாள். அன்று என்னால் பாடம் நடத்த முடியவில்லை.

எங்கள் ஊர், கிருமாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே உள்ளே போகவேண்டிய சின்ன ஊர். எங்கள் வீட்டுக்கு 'சொல்தா வூடு' என்று பெயர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் பக்கத்தில் 'சொல்தா' என்பார்கள். அப்பா பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்குத் திரும்பாமல், பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் காவல் வேலை பார்த்தார். வருஷத்துக்கு ஒரு தடவை கோடையில் வருவார், சாக்லேட்டும் சென்ட் வாசனையும் வீட்டில் இருக்கும் வரைக்கும் இருந்துவிட்டுப் போய்விடுவார். எங்களையும் ஒருநாள் அங்கே கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். பிள்ளைகள் முதலில் மொழியைக் கற்றுக்கொண்டு வரவேண்டும் என்பது அவர் கட்டளை.

அதற்காகப் பட்டணத்தில் ஒரு சின்னத் தனியார் பிரெஞ்சுப் பள்ளியில் என்னைச் சேர்த்திருந்தார். கடலூர்ச் சாலையில் பஸ் பிடித்துப் போய்வருவேன். பெரிய கெட்டிக்காரி இல்லை என்றாலும் எனக்கு மொழி ஒட்டிக்கொண்டது. தம்பி விஷயம் வேறு. அவன் பேச ஆரம்பித்ததே தாமதம். ஆறு வயதாகியும் தமிழிலேயே எண்ணி எண்ணித்தான் பேசுவான். பேசினால் அம்மாவிடம்தான், அதுவும் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, காதுக்குள் ரகசியம் மாதிரி. அந்தச் சித்திரையில் அப்பா வந்திருந்தபோது அவனையும் அந்தப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். தலைமை ஆசிரியை, எல்லோரும் 'மதாம்' என்று கூப்பிடும் வெள்ளை முடிக்காரப் பெண்மணி, என்னென்னவோ கேட்டுப் பார்த்தார். தம்பி அம்மா புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். மதாம் கடிந்துகொள்ளவில்லை. ஆனி மாதக் கடைசியில் மறுபடி கூட்டி வாருங்கள், இரண்டு வார்த்தை பதில் சொன்னால் சேர்த்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதோடு ஒரு யோசனையும் சொன்னார். பையனோடு வீட்டில் பிரெஞ்சு மட்டும் பேசுங்கள், வேறு மொழியே காதில் விழ வேண்டாம், தானாக வாய் திறக்கும் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஊருக்குத் திரும்பியதும் அப்பா அம்மாவை உட்கார வைத்துச் சொன்னார். பையனிடம் இனி தமிழில் ஒரு வார்த்தை பேசக் கூடாது. தெருப் பிள்ளைகளோடும் விளையாட விடக் கூடாது. அம்மா, "எனக்கு அது ஒண்ணும் தெரியாதே" என்றாள். அப்பா சொன்ன பதில் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது.

"பட்டாளத்துல எவன் இன்னா கேட்டாலும் வாய மூடிகினு நிப்பேன். எனக்குத் தெரியலன்னு சொல்லக்கூடத் தெரியாது. முட்டாப்பயன்னு நெனச்சாங்க. என் புள்ள அப்படி நிக்கக் கூடாது."

அம்மா சரி என்று தலையாட்டினாள். அப்பா அப்படிப் பேசி அவளும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. அவர் கெட்ட மனிதர் இல்லை. பட்ட அவமானத்தைப் பிள்ளைக்கு வராமல் தடுக்க நினைத்தார், அவ்வளவுதான். அடுத்த வாரம் விமானம் ஏறிவிட்டார்.

அம்மா எப்படிப்பட்டவள் என்று சொல்லாவிட்டால் இந்தக் கதையே புரியாது. கரிக்கலாம்பாக்கத்தில் பெரிய குடும்பத்தில் பிறந்தவள். காலையில் கண் விழித்தால் இரவு கண் மூடும் வரை வாய் ஓயாது. அடுப்பு எரியவில்லை என்றால் அடுப்போடு பேசுவாள், மோட்டார் ஓடவில்லை என்றால் மோட்டாரைத் திட்டுவாள், நடவுக்கு வந்த பெண்களோடு வரப்பில் நின்று பேசிப் பேசியே அரை நாளைப் போக்குவாள். எதிர்வீட்டுப் பெரியம்மா, "ஒன் வாய்க்கு ஒரு லீவு குடுடி" என்று கேலி செய்வாள். அப்படிப்பட்டவள், தன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளையிடம் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டாள்.

எடுத்த எடுப்பிலேயே அவள் ஊமையாகிவிடவில்லை. முதலில் தானே பிரெஞ்சு கற்றுக்கொள்ளப் பார்த்தாள். மாடு கறக்கும்போதும் புளி ஆயும்போதும் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, 'வா' என்றால் என்ன, 'சாப்பிடு' என்றால் என்ன, 'தூங்கு' என்றால் என்ன என்று கேட்டுக் கேட்டு உருப்போட்டாள். அவள் நாக்கில் அது நம் ஊர்ச் சத்தத்தோடு வந்தது, எனக்கே சிரிப்பு வரும். ஆனாலும் தம்பிக்குப் புரிந்தது, அவனும் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் பண்ணியபோது அவள் பெருமையாகச் சொல்லிக் காட்டினாள். அப்பா விழுந்து விழுந்து சிரித்தது எனக்கு எட்டி நின்றே கேட்டது. பிறகு, "நீ பேசறது அவன் வாய்ல ஒட்டிக்கினா அப்புறம் கழுவ முடியாது, நீ சும்மா இரு, பெரியவ பேசட்டும்" என்று சொல்லிவிட்டார். பெரியவள் என்றால் நான். எனக்கு அப்போது பதினோரு வயது.

ஆக, அம்மாவின் பேச்சு முழுவதும் என் வழியாகப் போகத் தொடங்கியது. அவள் என்னிடம் தமிழில் சொல்வாள், நான் தம்பியிடம் பிரெஞ்சில் சொல்வேன், அவன் ஏதாவது முனகினால் அதைத் திருப்பி அவளிடம் தமிழில் சொல்வேன். மூன்று பேரும் ஒரே தாழ்வாரத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில்தான் உட்கார்ந்திருப்போம். ஆரம்பத்தில் எனக்கு இது பெரிய கௌரவமாக இருந்தது. வீட்டில் நான் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது என்ற தலைக்கனம் கொஞ்சம் ஏறியது. சீக்கிரமே அலுத்துவிட்டது. விளையாடப் போன இடத்திலிருந்து கூப்பிட்டு, தம்பிக்குத் தண்ணீர் வேண்டுமா கேள், வெயிலில் நிற்கிறான் உள்ளே வரச் சொல், முழங்காலில் என்ன காயம் கேள் என்று அம்மா என்னைப் பிடுங்கி எடுத்தாள்.

இன்னொரு சங்கடம் இருந்தது. அது எனக்கு அப்போது சரியாகப் புரியவில்லை, இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு எனக்குத் தந்தவை எல்லாம் வேலை ஏவும் சொற்கள். வா, உட்கார், கை கழுவு, வாயை மூடு, சத்தம் போடாதே. அம்மாவோ, "என் ராசா, என் பட்டுக்குட்டி, கொஞ்சூண்டு தின்னுடா, அம்மா வயித்துல பால வாத்தாப்ல இருக்கும்" என்று சொல்லச் சொல்வாள். இதற்கு நான் எங்கே போவேன்? ராசாவையும் விட்டுவிட்டு, பட்டுக்குட்டியையும் விட்டுவிட்டு, வயிற்றையும் பாலையும் விட்டுவிட்டு, கடைசியில் தம்பியின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது 'சாப்பிடு' என்ற ஒரு சொல் மட்டும். அம்மா என் வாயைப் பார்ப்பாள். "இவ்ளோதானா?" என்று கேட்பாள். இவ்வளவுதான் என்பேன்.

தம்பி முதலில் விடவில்லை. அம்மாவின் தாடையைப் பிடித்துத் திருப்பி, தமிழில் கேட்பான். அவள் உதட்டில் விரலை வைத்து என்னைக் காட்டுவாள். அவன் அழுவான், அவள் வாரி அணைத்துக்கொள்வாள், முதுகைத் தடவுவாள், ஆனால் சத்தம் வராது. அப்படியும் ஒருநாள் ஒரு வழி கண்டுபிடித்தாள். மாட்டோடு பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! தம்பி தொழுவத்து வாசலில் நிற்கும்போது வைக்கோலைப் பிரித்துப் போட்டுக்கொண்டே, "மண்ணுல வெளாடிட்டு அப்படியே வந்து படுக்கக் கூடாது கண்ணு, காலு கைய கழுவிகினு வரணும், தெரிதா?" என்று பசுவுக்குப் புத்தி சொல்வாள். பசு பாட்டுக்கு மென்றுகொண்டிருக்கும். இரண்டு மூன்று நாள் இது நடந்தது. ஒரு சாயங்காலம் வாசலில் நின்ற தம்பி, "நான் கழுவிட்டேனே" என்று பதில் சொன்னான். அம்மா திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். அன்றோடு அதையும் நிறுத்திவிட்டாள்.

தாலாட்டுக்கும் என்னிடம்தான் அனுமதி கேட்டாள். "பாட்டு பேச்சுல சேருமாடி?" என்றாள். மதாமிடம் கேட்காமல் எனக்கு எப்படித் தெரியும்? யோசித்துப் பார்த்து, சேரும் என்றே சொல்லிவிட்டேன், வார்த்தை இருக்கிறதே என்று. பிறகு வார்த்தையை விட்டுவிட்டு ராகத்தை மட்டும் மூக்கால் இழுத்து அவனைத் தூங்க வைத்தாள். எதிர்வீட்டுப் பெரியம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "இன்னாடி இது, பெத்த புள்ளகிட்ட மௌன விரதமா? அவன் அப்பன் சொன்னா ஒனக்கு எங்க போச்சு புத்தி?" என்று ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள். அம்மா, "ஆனி வரைக்கும்தான் பெரியம்மா" என்றாள். வில்லியனூர்த் தேருக்குப் போனபோதும் அப்படித்தான். கூட்டத்தில் அவன் கையை இறுகப் பிடித்திருந்தாள். பலூனைக் காட்டினாள், தேரைக் காட்டினாள், கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தாள். அவன் எதையும் கேட்கவில்லை. கேட்பதை அதற்குள் விட்டுவிட்டிருந்தான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அவனுக்குப் பிரெஞ்சு வந்தது. தன்னோடு வேறு மொழியில் யாரும் பேசாத பிள்ளைக்கு வராமல் என்ன செய்யும். வைகாசி முடியும்போது என்னிடம் முழு வாக்கியமாகப் பேசினான், என் தப்புகளோடு சேர்த்து. ஆனிக் கடைசியில் அம்மா அவனுக்குப் புதுச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, என்னையும் இழுத்துக்கொண்டு பட்டணத்துக்குப் புறப்பட்டாள். பஸ்ஸில் வழியெல்லாம் அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது, வேண்டுதல்.

மதாம் பெயர் கேட்டார், சொன்னான். வயது கேட்டார், சொன்னான். படத்தைக் காட்டி இது என்ன என்றார், பூனை என்றான், மேசையின் கீழே இருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னான். மதாமின் முகம் மலர்ந்துவிட்டது. அம்மாவுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் அந்த முகத்தைப் பார்த்தே கண் கலங்கிவிட்டாள். பிறகு மதாம் கடைசியாக, விளையாட்டாக, வீட்டில் அம்மா உனக்கு என்னவெல்லாம் கதை சொல்கிறார்கள் என்று கேட்டார். தம்பி அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, தடங்கலே இல்லாமல், தெளிவான பிரெஞ்சில் சொன்னான்:

"அம்மாவுக்குப் பேச வராது. அக்காதான் பேசும்."

மதாம் எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். வாய் பேச முடியாதவர்களிடம் நாம் செய்வோமே, அந்த மாதிரி உதட்டை அகலமாக அசைத்து, கையால் சாடை காட்டி, பையன் நன்றாகப் பேசுகிறான், நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்றார். என் பக்கம் திரும்பி, பிறவியிலேயே அப்படியா என்று மெதுவாகக் கேட்டார். அம்மா நன்றாகப் பேசுவாள், நீங்கள் சொன்னதால்தான் அவனிடம் பேசுவதில்லை என்று சொன்னேன்.  தான் சொன்னது மதாமுக்கு நினைவு இருந்ததா என்று தெரியவில்லை. அப்படியானால் பலன் கிடைத்திருக்கிறதே என்று சொல்லி, சேர்க்கைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

தெருவுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: "அந்தம்மா ஏன்டி என் கையப் புடிச்சாங்க? இவன் இன்னா சொன்னான்?" சொன்னேன். மறைக்கத் தோன்றவில்லை, மூன்று மாதமாக ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்வதுதானே என் வேலை. அம்மா நடந்துகொண்டே, "சீட்டு குடுத்துட்டாங்க இல்ல?" என்று மட்டும் கேட்டாள். கொடுத்துவிட்டார்கள் என்றேன்.

பஸ்ஸில் இடம் கிடைத்ததும் தம்பியை மடியில் உட்கார வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். அடேயப்பா, அந்தப் பேச்சு! இனிமேல் தடையில்லை, சீட்டு கிடைத்துவிட்டது, அம்மா பேசுவேன்டா ராசா, அம்மாவுக்கு வாய் இருக்குதுடா, நீ எத்தினி தடவ கூப்ட்ட, அம்மா வேணும்னே பேசாம இல்லடா என்று அரியாங்குப்பம் தாண்டும் வரை மூச்சு விடாமல் பேசினாள். பக்கத்து இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் புரியாமல் இல்லை; ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. அவள் பேசி முடித்ததும் மெல்ல என் பக்கம் திரும்பி, நான் சொல்வதற்காகக் காத்திருந்தான்.

அது சில நாளில் சரியாகிவிடும் என்றுதான் அம்மா நினைத்தாள். பெரியம்மாவும் அப்படித்தான் சொன்னாள். தெருப் பிள்ளைகளோடு அவன் மெல்ல மெல்லத் தமிழில் கத்தி விளையாடத் தொடங்கினான். பால்காரரிடம் பேசினான், என்னிடம் இரண்டு மொழியிலும் சண்டை போட்டான். அம்மா கேட்டால் மட்டும் தலையை ஆட்டுவான், இல்லாவிட்டால் என்னிடம் வந்து சொல்வான். அவள் கொஞ்ச காலம் போராடிப் பார்த்தாள். பிறகு அவளுக்கும் அதுவே பழகிவிட்டது. பதினைந்து வயதில் அவன் அப்பாவிடம் போய்விட்டான். எங்களையும் கூப்பிட்டபோது அம்மா மறுத்துவிட்டாள். "அங்க வந்து நான் யார்கிட்ட பேசுவேன்?" என்றாள். நானும் அவளோடு தங்கிவிட்டேன்.

இப்போது அந்தப் பள்ளி இல்லை. கட்டடத்துக்கு மஞ்சள் அடித்து, சென்னையிலிருந்து வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொள்ளும் காபிக் கடையாக்கிவிட்டார்கள். அப்பா காலமாகிவிட்டார். தொழுவம் இருந்த இடத்தில் என் ஸ்கூட்டி நிற்கிறது. கரிக்கலாம்பாக்கத்தில் அம்மாவின் பங்குக்கு வந்த நிலத்தைச் சுற்றி எல்லாம் மனை போட்டுக் கல் நட்டுவிட்டார்கள். எதிர்வீட்டுப் பெரியம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அம்மா மட்டும் மாறவில்லை. கேஸ் அடுப்போடு பேசுகிறாள், டிவியோடு பேசுகிறாள், தப்பான நம்பருக்குப் போன் பண்ணியவனிடம்கூட நலம் விசாரிக்கிறாள். தம்பியும் அங்கே இலங்கைத் தமிழர்களோடு வேலை செய்து, என்னைவிட நல்ல தமிழ் பேசுகிறான்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அவன் வீடியோவில் வருகிறான். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மூன்று பேரும் பேசுகிறோம். அம்மா என்னிடம், "சாப்ட்டானான்னு கேளு" என்கிறாள். அது அவனுக்குக் கேட்கிறது. ஆனாலும் நான் கேட்கும் வரை காத்திருக்கிறான். சாப்பிட்டியாடா என்று கேட்கிறேன். "சாப்ட்டேன்னு சொல்லுக்கா" என்கிறான். அது அவளுக்குக் கேட்கிறது. ஆனாலும் என் முகத்தைப் பார்க்கிறாள். சாப்பிட்டானாம் என்கிறேன். எத்தனை வருஷம்! எனக்கு உண்மையிலேயே முடியவில்லை. வாரமெல்லாம் பிள்ளைகளிடம் கத்திவிட்டு வருகிறவளுக்கு, ஒரே மொழி பேசும் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்கத் தெம்பு இல்லை.

போன ஞாயிறு வேண்டுமென்றே போனை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, கொடியில் துணி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய் நின்றுகொண்டேன். தனியாக விட்டால் பேசித்தானே ஆகவேண்டும் என்று நினைத்தேன். உள்ளே வெகு நேரம் சத்தமே இல்லை. அம்மா தொண்டையைச் செருமினாள். அவனும் அங்கே செருமினான்.

"அவ துணி எடுக்கப் போயிருக்கா" என்றாள் அம்மா.

"ம்."

"வந்துடுவா."

"வரட்டும்மா. இருக்கேன்" என்றான் தம்பி.

காய்ந்த துணியை மார்போடு அணைத்துக்கொண்டு நான் வெளியே நின்றேன். இரண்டு பேரும் உள்ளே எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.